பெடலைக் குறை சொல்லும் முன் பேஸின் வால்யூமைக் குறையுங்கள்

ஆக்டிவ் பேஸுக்கும் (உள்ளே பேட்டரியில் ஓடும் மின்சுற்று கொண்ட பேஸ் கிட்டார்) எஃபெக்ட் பெடலுக்கும் ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸில் இதமாகக் கரகரத்த ஓவர்டிரைவ், ஆக்டிவ் பேஸைச் செருகியதும் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி இரைகிறது. வாசிக்கும் பலத்துக்கேற்பத் திறந்து மூட வேண்டிய ஆட்டோ வா ஒரேயடியாகத் திறந்துகொண்டு மூட மறுக்கிறது. கோரஸ் போட்டால் ஒவ்வொரு ஸ்லாப்புக்கும் (தந்தியைக் கட்டைவிரலால் அடிப்பது) அடியில் ஒரு ‘தொப்’. உடனே பேஸுக்கென்றே செய்த பெடலைத் தேடிப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பெரும்பாலான நேரம் பெடலில் ஒரு கோளாறும் இருக்காது. உள்ளே போகிற சிக்னல் பெரிது, அவ்வளவுதான். அதற்கு அடுத்து வருகிற காரணங்கள் மூன்று: பேஸில் இருக்கும் ஈக்யூ (மேல், கீழ்ச் சுருதிகளைக் கூட்டிக் குறைக்கும் நாப்கள்), செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி, சில பழைய பாணிப் பெடல்களின் இம்பீடன்ஸ் (ஏசி சிக்னலுக்குக் காட்டும் தடை). இந்த வரிசையிலேயே தேடினால் நேரம் மிச்சம்.

முதலில் உங்கள் பேஸ் எந்த வகை ஆக்டிவ் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) சாதாரணமானது, உடம்புக்குள் ஒரு ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று) பலகை இருக்கும். 1976ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பரவலாக்கிய முறை இது. இன்றைக்குக் கடையில் ‘ஆக்டிவ்’ என்று விற்பதில் பெரும்பகுதி இதுதான். மற்றொன்று, பிக்கப்புக்குள்ளேயே சின்ன ஆம்ப்ளிஃபையரை வைத்து மூடியிருப்பது. ஈஎம்ஜி பிக்கப்கள் இந்த ரகம். முதல் வகையில் பல பேஸ்களுக்கு ஆக்டிவ்/பாஸிவ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், பேட்டரி தீர்ந்தாலும் பாஸிவில் வாசித்து முடிக்கலாம். இரண்டாவது வகையில் பேட்டரி போனால் சத்தமும் போகும். இரண்டுக்கும் பொது: ஜாக்கிலிருந்து வெளியே வருவது குறைந்த இம்பீடன்ஸ் சிக்னல், சில கிலோ ஓமுக்குள் அடங்கும். பாஸிவ் பிக்கப்போ ட்ரெபிள் (மேல் சுருதிகள்) பக்கம் போகப்போக நூற்றுக்கணக்கான கிலோ ஓமுக்கு ஏறும். இந்த வித்தியாசம் பெரும்பாலும் உங்களுக்கு நல்லதே செய்கிறது. எங்கே கெடுதல் செய்கிறது என்பது ஃபஸ் என்ற முரட்டுக் கரகரப்புப் பெடலைப் பற்றிப் பேசும்போது வரும்.

எவ்வளவு பெரிய சிக்னல்?

விரலால் வாசிக்கும் பாஸிவ் பேஸ் சுமாராக 0.1 முதல் 0.3 வோல்ட் தரும். ஓங்கி ஸ்லாப் செய்தால் உச்சம் 1 வோல்ட்டைத் தாண்டலாம். இப்போது ப்ரீஆம்பில் அடிச்சத்தத்தைக் கூட்டும் பேஸ் நாபை முழுக்க ஏற்றுங்கள். 12 டெசிபெல் ஏற்றம் என்றால் 4 மடங்கு; அந்த 1 வோல்ட் உச்சம் 4 வோல்ட் ஆகிவிடும். 9 வோல்ட் பெடல் ஒன்றின் உள்ளே டிஎல்072 மாதிரி ஒரு ஆப்ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) இருந்தால், அது இரண்டு ஓரத்திலும் ஒன்றரை வோல்ட் அளவுக்கு விட்டுவிட்டு நடுவில்தான் வேலை செய்யும். ஆக மேலே 3 வோல்ட், கீழே 3 வோல்ட். 4 வோல்ட் உச்சத்தை அதற்குள் அனுப்பினால் தலை வெட்டப்பட்டுத்தான் வெளியே வரும், ‘க்ளீன்’ பெடலாகவே இருந்தாலும். கம்ப்ரஸர் (உச்சங்களை அமுக்கும் பெடல்), கோரஸ், ஈக்யூ எல்லாம் கரகரப்பது இதனால்தான்.

இங்கே ஒரு தவறான யோசனையையும் தள்ளிவிடலாம். ‘பேஸுக்குள் இரண்டு பேட்டரி போட்டு 18 வோல்ட் ஆக்கினால் ஹெட்ரூம் (சிக்னல் வெட்டுப்படாமல் ஏறுவதற்கு உள்ள இடம்) கூடும், சுத்தமாக இருக்கும்’ என்பார்கள். பேஸின் ப்ரீஆம்புக்குள் கூடும், உண்மை. ஆனால் அடுத்து நிற்கும் 9 வோல்ட் பெடலுக்கு அதைவிடப் பெரிய உச்சங்கள் போய்ச் சேரும். பெடல் பலகை வைத்திருப்பவருக்கு 18 வோல்ட் மாற்றம் உபகாரமில்லை, பல நேரம் உபத்திரவம்.

ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். மல்டிமீட்டரை ஏசி 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து, கேபிளின் ஒரு முனையைப் பேஸில் செருகி, மறுமுனையின் நுனியிலும் தண்டிலும் மீட்டர் கம்பிகளை வைத்து, திறந்த ஏ தந்தியைப் பலமாக மீட்டுங்கள். ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அளக்கவே செய்யப்பட்டவை, அதனால் இந்தச் சுருதியில் ஓரளவு நம்பலாம். மீட்டர் மெதுவானது, உச்சத்தைப் பிடிக்காது, உண்மையைவிடக் குறைத்தே காட்டும். ஆனாலும் நாப்கள் நடுவில் இருக்கும்போது எவ்வளவு, முழுக்க ஏற்றினால் எவ்வளவு, பாஸிவ் சுவிட்சில் எவ்வளவு என்று ஒப்பிட இது போதும். ஏசியில் 200 வோல்ட் ரேஞ்ச் மட்டுமே உள்ள மலிவு மீட்டர் இதற்கு ஆகாது.

லெவலைக் குறைக்கும் வழிகள், சுலபமானதிலிருந்து

பேஸின் வால்யூம் நாபைக் குறைப்பது முதல் வழி. பாஸிவ் பேஸில் வால்யூமைக் குறைத்தால் ட்ரெபிளும் கொஞ்சம் மங்கும், கேபிளின் கெபாசிடன்ஸ் அதைத் தின்றுவிடும். அதற்குப் பழகியவர்கள் ஆக்டிவிலும் நாபை முழுக்கத் திறந்தே வைத்திருப்பார்கள். ஆக்டிவில் அந்தப் பயம் வேண்டாம், ப்ரீஆம்ப் பலகையைத் தாண்டிய பிறகு கேபிளால் பெரிதாக எதையும் தின்ன முடியாது. முக்கால் அளவில் வைத்து வாசிப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வால்யூம் நாப் ப்ரீஆம்புக்கு முன்னால் இருந்தால், அதைக் குறைக்கும்போது ப்ரீஆம்புக்குள் நடக்கும் கரகரப்பும் சேர்ந்து போகும். பின்னால் இருந்தால் கரகரப்பு அப்படியே நிற்கும், சத்தம் மட்டும் குறையும். காதே சொல்லிவிடும்.

இரண்டாவது வழி பிக்கப் உயரம். இரண்டு பக்கத் திருகுகளையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறக்குங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் 3க்கு இறக்கிப் பார்க்கலாம். ஸ்லாப்பின் கூர் உச்சங்கள் இதில்தான் நன்றாக மழுங்கும். சில ப்ரீஆம்ப் பலகைகளில் சின்னதாக ஒரு கெயின் ட்ரிம்பாட் இருக்கும், பின் மூடியைக் கழற்றினால் தெரியும். அதைக் குறைப்பது இதைவிடச் சுத்தமான வழி.

சில பெடல்களிலேயே குறைப்பு சுவிட்ச் உண்டு. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் டீலக்ஸ் பேஸ் பிக் மஃப்பில் உள்ளீட்டை 10 டெசிபெல் குறைக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது, ஆக்டிவ் பேஸை மனதில் வைத்துத்தான். பேஸ் ஆம்ப்களில் ‘ஆக்டிவ்’ என்று எழுதிய ஜாக்கோ பட்டனோ செய்வதும் இதே 10 முதல் 15 டெசிபெல் குறைப்புதான், வேறு மாயமில்லை. ஆனால் அது ஆம்பைத்தான் காப்பாற்றும். நடுவில் இருக்கும் பெடல்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எதிலும் சுவிட்ச் இல்லையா? சிக்னலைக் குறைக்கும் ஒரு பேட்டை இரண்டு ரெசிஸ்டரில் செய்துகொள்ளலாம். சின்ன அலுமினியப் பெட்டி, இரண்டு மோனோ ஜாக், கால் வாட் ரெசிஸ்டர் இரண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். உள்ளீட்டு ஜாக்கின் நுனியிலிருந்து வெளியீட்டு ஜாக்கின் நுனிக்கு 10 கிலோ ஓம். வெளியீட்டு நுனியிலிருந்து தரைக்கு 4.7 கிலோ ஓம். இரண்டு ஜாக்கின் தரையையும் இணைத்து, பெட்டியின் உலோகத்தோடும் தொடவிடுங்கள். 4.7ஐ 14.7ஆல் வகுத்தால் 0.32, அதாவது கிட்டத்தட்ட 10 டெசிபெல் குறைவு. 6 டெசிபெல் போதுமென்றால் இரண்டுமே 10 கிலோ ஓம். இதைப் பாஸிவ் பேஸுக்குப் பயன்படுத்தாதீர்கள். 14.7 கிலோ ஓம் சுமையை ஆக்டிவ் ப்ரீஆம்ப் சுலபமாகத் தாங்கும். பாஸிவ் பிக்கப்போ ட்ரெபிளையெல்லாம் இழந்து கம்பளியைப் போர்த்திய மாதிரி ஒலிக்கும். ‘பேட் போட்டால் டோன் செத்துப்போகிறது’ என்ற புகார் பாதி இதில்தான் பிறந்திருக்க வேண்டும்.

பேஸில் இருக்கும் ஈக்யூதான் உங்கள் முதல் பெடல்

லெவல் சரியான பிறகும் ஓவர்டிரைவ் கொழகொழத்தால், பேஸ் நாபைப் பாருங்கள். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வரும் ஈக்யூ எதைக் கரகரக்க வைப்பது என்று முடிவு செய்கிறது. பின்னால் வரும் ஈக்யூ கரகரத்ததை எப்படிக் கேட்க வைப்பது என்று முடிவு செய்கிறது. இரண்டும் வேறு வேலைகள். முன்னால் அடிச்சத்தத்தை 12 டெசிபெல் ஏற்றினால், 41 ஹெர்ட்ஸ் ஈ தந்தி ஒன்றே பெடலின் இடம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். மேலே இருக்கும் விரல் சத்தமும் மிட்ஸும் அந்தப் பெரிய அலையின் மேல் சவாரி செய்து, அது வெட்டப்படும்போதெல்லாம் சேர்ந்து வெட்டுப்படும். காதுக்கு அது விட்டுவிட்டு வரும் ‘பர்ர்ர்’. ஐந்து தந்திப் பேஸின் பி, 31 ஹெர்ட்ஸ், இன்னும் மோசம்.

ஆகவே பெடல் பலகையில் டிரைவ் இருந்தால், பேஸில் எல்லாவற்றையும் ஃப்ளாட்டில் வையுங்கள், அல்லது பேஸ் நாபைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். இழந்ததை டிரைவுக்குப் பின்னால் ஆம்பிலோ ஈக்யூ பெடலிலோ திரும்பக் கொடுங்கள். ஃப்ளாட் எங்கே என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. நடுவில் ‘டிக்’ என்று நிற்கும் நாப்களில் நடுதான் ஃப்ளாட். சில இரண்டு நாப் ப்ரீஆம்ப்களில் பேஸ் நாப் ஏற்ற மட்டும்தான் செய்யும். அங்கே முழுக்கக் குறைத்ததுதான் ஃப்ளாட், நடு என்பதே கணிசமான ஏற்றம். நடுவில் வைத்துவிட்டு ‘ஃப்ளாட்டில்தான் இருக்கிறேன்’ என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் அதிகம்.

ட்ரெபிள் ஏற்றம் வேறு விதத்தில் கெடுக்கும். ப்ரீஆம்பின் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம் பெரும்பாலும் மேலேதான் இருக்கிறது. பேஸில் 10 டெசிபெல் ட்ரெபிள், அதற்குப் பின் கம்ப்ரஸர், அதற்குப் பின் டிரைவ் என்றால் வாசிக்காத நேரத்தில் மழை பெய்யும். நாய்ஸ் கேட் வாங்கும் முன் ட்ரெபிள் நாபைக் குறைத்துப் பாருங்கள்.

பெடல் பெடலாக

ஓவர்டிரைவ். கிட்டாருக்கான டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலில் அடிச்சத்தம் காணாமல் போவதற்கு ஆக்டிவ் பேஸ் காரணமில்லை. அதன் கெயின் பகுதியில் 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோ ஃபாரடும் தொடராக இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் ஒரு கோடு கிழிக்கின்றன; அதற்குக் கீழே போகப்போகக் கெயின் குறையும். டிரைவ் நாப் சுழியத்தில் இருக்கும்போதுகூட 1 கிலோ ஹெர்ட்ஸ் ஒன்பது மடங்குக்கு மேல் பெருகுகிறது, 41 ஹெர்ட்ஸோ சுமார் 1.2 மடங்குதான். அந்தக் கெபாசிட்டரை 0.22 மைக்ரோ ஃபாரடாக மாற்றினால் கோடு 154 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 0.1 போட்டால் 340க்குப் பக்கத்தில் நிற்கும், பேஸுக்கு அதுவே பிடித்துப்போகலாம். அதே சுற்றில், சுழியத்திலேயே ஒன்பது, பத்து மடங்கு கெயின் இருப்பதால்தான் ஆக்டிவ் பேஸில் ‘டிரைவைக் குறைத்தாலும் கரகரப்பு போகவில்லை’. சிலிக்கான் டயோடு 0.6, 0.7 வோல்ட்டில் வெட்டத் தொடங்கிவிடும். 2 வோல்ட் உள்ளே போனால் நாப் எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

க்ளீன் சத்தத்தைக் கலக்கும் ப்ளெண்ட் நாப் இருந்தால் பாதிக் கவலை தீரும். டெக் 21 சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரில் ப்ளெண்ட் இருப்பது இதற்காகத்தான். தனியாக ப்ளெண்டர் பெடல் வாங்கி ஏதோ ஒரு டிரைவை அதற்குள் வைப்பதாக இருந்தால் க்ளீன் சத்தத்தையும் டிரைவையும் பாதிக்குப் பாதி கலந்து கேளுங்கள். அடிச்சத்தம் மொத்தமாக மறைந்தால் அந்த டிரைவ் அலையைத் தலைகீழாக்குகிறது என்று பொருள். ப்ளெண்டரில் ஃபேஸ் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அதனால்தான். டிஜிட்டல் பெடலை இப்படிக் கலந்தால் தாமதமும் சேரும். 2 மில்லி விநாடி தாமதம் 250 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் தோண்டும், பேஸின் குரலே அங்கேதான் இருக்கிறது.

ஃபஸ். இம்பீடன்ஸ் உண்மையிலேயே கெடுதல் செய்யும் இடம் இது. 1966ல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸும் அதன் நகல்களும் உள்ளீட்டில் மிகக் குறைந்த இம்பீடன்ஸ் கொண்டவை, பத்து கிலோ ஓம் என்ற அளவில்தான். பாஸிவ் பிக்கப்பின் சுருளே அந்தச் சுற்றில் ஒரு பாகமாகிவிடுகிறது. ட்ரெபிள் மழுங்குவது, வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு தெளிவது எல்லாம் அந்தச் சேர்க்கையின் விளைவு. ஆக்டிவ் பேஸ் குறைந்த இம்பீடன்ஸில் உள்ளே தள்ளும்போது அந்தத் தடுப்பு இல்லை. சத்தம் தகரம் மாதிரி, கூர்மையாக வரும். வால்யூமைக் குறைத்தாலும் தெளியாது. தீர்வு மலிவானது: ஃபஸ்ஸுக்கு முன்னால் தொடராக ஒரு ரெசிஸ்டர், 10லிருந்து 47 கிலோ ஓமுக்குள். எது என்று தெரியாவிட்டால் 100 கிலோ ஓம் லீனியர் பாட் ஒன்றின் நடுக்காலையும் ஓரக்கால் ஒன்றையும் சேர்த்துச் சால்டர் செய்து, தொடராக வைத்துத் திருப்பிக் கேளுங்கள். பிடித்த இடத்தில் நிறுத்தி, அளந்து, அந்த மதிப்பில் நிரந்தர ரெசிஸ்டரைப் போட்டுவிடலாம். பிக்கப்பின் சுருளை முழுதாக நடிக்க வைக்க வேண்டுமென்றால் சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கத்தைத் தொடராக வைப்பார்கள். பேஸுக்கு ரெசிஸ்டரே பெரும்பாலும் போதும். பாஸிவ் சுவிட்ச் உள்ள பேஸ் என்றால் இதெல்லாம் வேண்டாம், ஃபஸ் வரும் இடத்தில் சுவிட்சைத் தட்டினால் சரி. பிக் மஃப் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. அதில் முதல் டிரான்சிஸ்டருக்கு முன்னாலேயே 33, 39 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் தொடராக இருக்கிறது.

ஆட்டோ வா. இது முழுக்க முழுக்க லெவலை வைத்தே இயங்குகிறது, எனவே ஆக்டிவ் பேஸில் முதலில் தடுமாறுவதும் இதுதான். சென்ஸிட்டிவிட்டியைச் சுழியத்தில் தொடங்கி, நீங்கள் மெதுவாக வாசிக்கும்போது பாதி திறந்து, ஓங்கி வாசிக்கும்போது முழுக்கத் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். சுழியத்திலேயே முழுக்கத் திறந்தால் மேலே சொன்ன பேட். கம்ப்ரஸரை இதற்கு முன்னால் வைக்காதீர்கள். ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கிவிட்டு ஏற்ற இறக்கத்தால் இயங்கும் பெடலுக்கு அனுப்புவது வீண். 1972ல் வந்த மு-ட்ரான் III இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடியது சும்மா இல்லை, ஃபில்டருக்கு ஹெட்ரூம் வேண்டும்.

ஆக்டேவ். பாஸ் ஓசி-2 மாதிரி அனலாக் ஆக்டேவ்கள் அலையின் வடிவத்தை எண்ணி இரண்டாக வகுக்கின்றன. அலை எவ்வளவு எளிமையோ அவ்வளவு சரியாக எண்ணும். புதுத் தந்தி, முழு ட்ரெபிள், பிரிட்ஜ் பிக்கப் என்றால் எண்ணிக்கை தவறி, சுருதி தாவிக் கொப்புளிக்கும். ட்ரெபிளைக் குறைத்து, கழுத்துப் பக்கப் பிக்கப்புக்கு மாறி, ஒரே ஒரு தந்தி மட்டும் ஒலிக்கும்படி மற்றவற்றை அழுத்திப் பிடியுங்கள். வரிசையில் இதுவே முதல். திறந்த ஈ தந்திக்கு ஒரு ஆக்டேவ் கீழே 20.6 ஹெர்ட்ஸ், அதை எந்த மேடை ஸ்பீக்கரும் பாடாது, கூம்பை மட்டும் ஆட்டும். ஏ தந்தியின் நடுப்பகுதிக்கு மேல் வாசித்தால்தான் காசுக்குப் பலன்.

கம்ப்ரஸர் ஆக்டிவ் பேஸுக்கு நல்ல துணை, உச்சங்களைப் பிடித்து அடுத்த பெடல்களையும் காக்கும். 4:1 விகிதம், ஓங்கி வாசிக்கையில் 4லிருந்து 6 டெசிபெல் குறைப்பு, தொடங்குவதற்கு இது போதும். எம்எக்ஸ்ஆர் எம்87 போலக் குறைப்பை விளக்குகளில் காட்டும் பெடல் என்றால் கண்ணால் பார்த்தே வைக்கலாம். அனலாக் கோரஸ், அனலாக் டிலே இரண்டிலும் இருக்கும் பக்கெட் பிரிகேட் சிப்புகளுக்கு ஹெட்ரூம் குறைவு. முதல் பத்தியில் சொன்ன ‘தொப்’ அங்கிருந்துதான் வருகிறது. அவற்றைக் கம்ப்ரஸருக்குப் பின்னால் வையுங்கள். டிஜிட்டல் மல்டி எஃபெக்ட்ஸில் உள்ளீடு ஒரு தடவை வெட்டுப்பட்டால் உள்ளே எந்த அமைப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது. க்ளிப் விளக்கு இருந்தால் அதைப் பாருங்கள், உள்ளீட்டு பேட் அமைப்பு மெனுவில் இருந்தால் போடுங்கள்.

பேட்டரி

பெடல் மேல் விழும் பழியில் கணிசமானது பேஸின் பேட்டரி செய்த வேலை. புது அல்கலைன் 9 வோல்ட் பேட்டரி ஒன்பதரைக்குப் பக்கத்தில் காட்டும். 7.5க்குக் கீழே இறங்கினால் பலமான கீழ்ச் சுருதிகள் மட்டும் உடையத் தொடங்கும், மென்மையாக வாசித்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். அதனால்தான் கண்டுபிடிக்கக் கடினம். கேபிளைச் செருகிய நிலையில் அளக்க வேண்டும், ஏனென்றால் செருகினால்தான் சுற்றுக்கு மின்சாரம் போகும். பேஸின் ஜாக் ஸ்டீரியோ வகை. பேட்டரியின் மைனஸ் அதன் நடு வளையத்தில் இணைந்திருக்கும். மோனோ பின் உள்ளே போகும்போது வளையத்தையும் தரையையும் சேர்த்துவிடும், அதுவே சுவிட்ச். பெடல் பலகையோடு செருகியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் இரவு முழுக்க ஓடும். ஸ்டீரியோ கேபிளைத் தெரியாமல் எடுத்துச் செருகினால் சில பேஸ்களுக்கு உயிரே வராது. ஜாக்கில் நேரே குத்தும் சின்ன வயர்லெஸ் சிலவற்றோடும் இதே தகராறு. வாங்கும் முன் உங்கள் பேஸில் செருகிப் பாருங்கள்.

எத்தனை நாள் வரும் என்று கணக்கிட, பேட்டரி கிளிப்பின் ஒரு காலை விலக்கி மில்லி ஆம்பியரை அளங்கள். அல்கலைன் ஏறக்குறைய 500 மில்லி ஆம்பியர் மணி. ப்ரீஆம்ப் 1 மில்லி ஆம்பியர் எடுத்தால் 500 மணி நேரம். கேபிள் செருகாதபோதும் மீட்டர் ஏதாவது காட்டினால் ஜாக் தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள். மின்சாமான் கடையில் மலிவாகக் கிடைப்பதில் பல ஜிங்க் கார்பன். உறையில் 6எஃப்22 என்றிருந்தால் அதுதான். 6எல்ஆர்61 என்றிருந்தால் அல்கலைன். யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் லித்தியம் 9 வோல்ட்களில் உள்ளே ஒரு கன்வர்ட்டர் இருக்கும். அது மெல்லிய ஊளையைக் கிளப்பலாம், டிரைவ் போட்டதும் அந்த ஊளை ஊருக்கே கேட்கும்.

லெவலைப் படிப்படியாக வைப்பது

எல்லாப் பெடலையும் அணைத்து, பேஸில் நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்தப்போகும் நாப் நிலைகளை வைத்து, மேடையில் வாசிக்கும் உச்ச பலத்தோடு வாசியுங்கள். ஆம்பின் க்ளிப் விளக்கு எப்போதாவது மின்னும் இடம் வரை கெயினை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்குங்கள். இனிக் கெயினைத் தொடாதீர்கள். முதல் பெடலை மட்டும் போடுங்கள், போட்டாலும் அணைத்தாலும் ஒரே சத்தம் வரும்படி அதன் வெளியீட்டை வையுங்கள். அதை அணைத்து அடுத்தது. எல்லாம் முடிந்த பின் ஜோடி ஜோடியாகப் போட்டுப் பாருங்கள், குறிப்பாகக் கம்ப்ரஸர், டிரைவ் ஜோடி. வீட்டில் சின்னச் சத்தத்தில் வைத்த அளவு மேடையில் பொருந்தாது, சத்தம் கூடக்கூடக் காதுக்கு அடிச்சத்தம் அதிகமாகக் கேட்கும். பேஸ் அளவுகளைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொண்டு போங்கள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு ஆக்டிவின் வசதியையும் சொல்ல வேண்டும். பெடல் பலகைக்கு முன்னால் சிக்னலைத் தாங்கிப்பிடிக்கும் பஃபர் வேண்டாம், ட்ரூ பைபாஸா (அணைத்த பெடல் சிக்னலை நேரே கடத்திவிடுவது) இல்லையா என்ற சண்டை வேண்டாம், பத்து மீட்டர் கேபிளாலும் ட்ரெபிள் போகாது. ஒரு ஒய் கேபிளில் சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை டிரைவுக்கும் ஒன்றை நேரே, மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பெட்டிக்கும் அனுப்பலாம்; லெவல் விழாது. திரும்பச் சேர்க்க மட்டும் ஒய் கேபிள் ஆகாது, இரண்டு வெளியீடுகளும் ஒன்றையொன்று இழுக்கும். மிக்ஸரோ ப்ளெண்டரோ வேண்டும்.

மீதி இருப்பது சில்லறைத் தொல்லைகள். வால்யூம் நாபைத் திருப்பினால் ‘கர்க்’, பெடலை மிதித்தால் ‘டப்’ என்று வந்தால், ப்ரீஆம்பின் வெளியீட்டுக் கெபாசிட்டர் கசிந்து டிசி வெளியே வருகிறதா பாருங்கள். மீட்டரை டிசி 200 மில்லி வோல்ட்டில் வைத்துக் கேபிள் நுனியில் அளந்தால் சில விநாடிகளில் சுழியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் கெபாசிட்டரை மாற்றுங்கள். மிதிக்கும்போது மட்டும் ‘டப்’ என்றால் பெடலின் உள்ளீட்டிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம் ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் அடங்கும். பெடல்களுக்கு ஒரே அடாப்டரிலிருந்து வரிசையாக மின்சாரம் எடுத்து, நடுவில் ஒரு டிஜிட்டல் பெடலும் இருந்தால் வரும் ‘ஙீ’ சத்தத்துக்குத் தனித்தனி வழி கொண்ட பவர் சப்ளைதான் மருந்து. 9 வோல்ட் என்று எழுதிய பெடலுக்கு ஹெட்ரூம் ஆசையில் 18 கொடுக்காதீர்கள், உள்ளே 16 வோல்ட் கெபாசிட்டர் இருந்தால் வெடிக்கலாம். மேடையில் உறுமல் வந்தால் டிஐ பெட்டியின் கிரவுண்ட் லிஃப்டைத் தட்டிப் பாருங்கள். ஆம்பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடிக்கும் பழக்கம் இன்னும் சில மேடைகளில் இருக்கிறது. அந்த ஆம்பில் உங்கள் பேஸைச் செருகாதீர்கள், தந்தியைத் தொடும் விரல் உங்களுடையது.